நிக்கல் பாத்தில் உலோக மாசு: எந்த உலோகம் என்று தெரியாமல் மருந்து ஊற்றாதீர்கள்

கேள்வி இது. 2000 லிட்டர் பிரைட் நிக்கல் பாத், அதாவது கரண்ட் கொடுத்துப் பளபளப்பான நிக்கல் முலாம் ஏற்றும் கரைசல். பித்தளை டேப்புகளும் கொஞ்சம் இரும்புக் கைப்பிடிகளும் அதில் ஓடுகின்றன, அடுத்து குரோம் முலாம். சில வாரமாக டேப்பின் கழுத்து இடுக்கிலும் மரையின் அடியிலும் கருஞ்சாம்பல் நிறம் ஏறுகிறது. வெளிமுகம் பளபளப்பாகத்தான் இருக்கிறது. பிரைட்னரை (படிவுக்குப் பளபளப்புத் தரும் மருந்து) இரண்டு முறை கூட்டிப் பார்த்தாயிற்று, கார்பன் ட்ரீட்மென்ட்டும் செய்தாயிற்று, நிறம் போகவில்லை. பாத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடலாமா?

கொட்ட வேண்டாம். லிட்டருக்கு 270 கிராம் நிக்கல் சல்பேட்டும் 50 கிராம் நிக்கல் குளோரைடும் உள்ள 2000 லிட்டரில் ஏறக்குறைய 145 கிலோ நிக்கல் உலோகம் இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொண்டிருப்பது அநேகமாக 100 கிராமுக்கும் குறைவான தாமிரமும், அதனோடு வந்த துத்தநாகமும் ஈயமும்தான். அந்த 100 கிராமை வெளியே எடுக்க வழி இருக்கிறது. எந்த உலோகம் என்று உறுதி செய்துகொண்டு, அதற்குரிய வழியில் எடுக்க வேண்டும். தாமிரத்துக்கு வேலை செய்யும் வழி இரும்புக்கு வேலை செய்யாது, இரும்புக்கான வழி துத்தநாகத்தைத் தொடாது.

கார்பன் ஏன் பலிக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆக்டிவேட்டட் கார்பன் பிடிப்பது கரிமப் பொருள்களை: பிரைட்னர் உடைந்து வந்த கழிவு, பாலிஷ் மெழுகு, எண்ணெய் போன்றவை. கரைந்திருக்கும் உலோக அயனி அதில் ஒட்டாது. நீங்கள் போட்ட கார்பன் பிரைட்னரில் ஒரு பகுதியையும் வெட்டிங் ஏஜென்டையும் (வாயுக் குமிழி ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து) உறிஞ்சியிருக்கும், தாமிரத்தை அப்படியே விட்டிருக்கும். பிரைட்னரைக் கூட்டியது அதைவிடக் கெடுதல். பிரைட்னர் மிகுந்தாலும் இடுக்குகள் கறுக்கும், படிவு நொறுங்கும். இப்போது உங்கள் பாத்தில் இரண்டு காரணங்கள் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கலாம்.

ஹல் செல் பலகையை எப்படிப் படிப்பது

ஹல் செல் என்பது பலகையைச் சாய்வாக வைத்து முலாம் ஏற்றிப் பார்க்கும் சிறிய சோதனைத் தொட்டி. 267 மில்லி ஹல் செல்லில் 2 ஆம்பியர், 10 நிமிடம், பாத் வெப்பநிலையிலேயே, காற்றோ துடுப்போ வைத்து ஓட்டுங்கள். பலகையின் ஒரு ஓரத்தில் சதுர டெசிமீட்டருக்கு 10 ஆம்பியருக்கு மேல் இருக்கும், மறு ஓரத்தில் சுமார் 0.2 தான் இருக்கும். (ஒரு சதுர டெசிமீட்டர் என்பது 10 செ.மீ.க்கு 10 செ.மீ.) உங்கள் டேப்பின் வெளிமுகமும் இடுக்கும் ஒரே பலகையில் அடுத்தடுத்துத் தெரிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பலகையை 1 ஆம்பியரில் ஓட்டினால் குறைந்த கரண்ட் பகுதி அகன்று தெளிவாகும்.

குறைந்த கரண்ட் ஓரம் கறுத்தால் தாமிரம், துத்தநாகம், ஈயம், காட்மியம் இவற்றில் ஒன்று. தாமிரம் பெரும்பாலும் மங்கிய கருஞ்சாம்பலாக வரும். துத்தநாகம் கறுப்பாகவும் கோடுகோடாகவும் வரும். ஈயம் மிகக் குறைந்த அளவிலேயே கறுக்கும், படிவை நொறுங்கவும் வைக்கும். அதிக கரண்ட் ஓரத்தில் சொரசொரப்பு, ஊசிக்குழி, விரிசல் என்றால் இரும்பையோ அலுமினியத்தையோ சந்தேகிக்கலாம். குறைந்த கரண்ட் ஓரத்தில் நிக்கலே ஏறாமல் அடிப்பலகை தெரிந்து, அதிக கரண்ட் ஓரம் உரிந்து, வாயுவும் அதிகமாகக் கிளம்பினால் குரோம்.

பிரைட் நிக்கலில் எந்த அளவில் தொல்லை தொடங்கும் என்பது பிரைட்னருக்குப் பிரைட்னர் மாறும். நடைமுறைக் கணக்காக ஈயத்துக்கு 3 முதல் 5 பி.பி.எம்., ஆறு இணைதிறன் குரோமுக்கும் (குரோமிக் அமிலத்தில் இருக்கும் வடிவம்) ஏறக்குறைய அதே அளவு, தாமிரத்துக்கு 10 முதல் 30, துத்தநாகத்துக்கு 20 முதல் 50, இரும்புக்கு 50 என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். ஒரு பி.பி.எம். என்பது ஏறக்குறைய லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். உங்கள் டேங்கில் அது மொத்தம் 2 கிராம்.

ஹல் செல்லில் பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. ஒரே சாம்பிளில் மூன்று நான்கு பலகை ஓட்டினால் ஒவ்வொன்றும் முந்தியதைவிட நன்றாக வரும். கடைசியாகச் சேர்த்த மருந்துதான் குணப்படுத்தியது என்று தோன்றும். நடப்பது வேறு. 267 மில்லியில் 40 பி.பி.எம். தாமிரம் என்றால் மொத்தமே 11 மில்லிகிராம்தான். ஒரு பலகையே 10 நிமிடத்தில் அதில் கணிசமான பங்கை எடுத்துவிடுகிறது. மாசைத் தேடும்போது ஒவ்வொரு பலகைக்கும் டேங்கிலிருந்து புது சாம்பிள் எடுங்கள்.

பலகை காட்டிய சந்தேகத்தைப் பீக்கரில் உறுதி செய்யலாம். டேங்கிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து மூன்று பங்காகப் பிரியுங்கள். முதல் பங்கில் 5 கிராம் கார்பன் போட்டு, 60 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கி வடிகட்டுங்கள். இரண்டாவது பங்கில் சில துளி ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு, நிக்கல் கார்பனேட்டால் பி.எச்.-ஐ 5.2-க்கு ஏற்றி வடிகட்டி, மறுபடி 4-க்கு இறக்குங்கள். மூன்றாவது பங்கில் 10-க்கு 5 செ.மீ. தகடு ஒன்றை இறக்கி 0.3 ஆம்பியரில், நன்றாகக் கலக்கியபடி இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு மூன்றுக்கும் பலகை எடுங்கள். பெராக்சைடும் கார்பனும் பிரைட்னரைத் தின்றிருக்கும் என்பதால் முதல் இரண்டிலும் பிரைட்னரைக் கொஞ்சம் திருப்பிச் சேர்க்க வேண்டியிருக்கும். கார்பன் பங்கு தெளிந்தால் கரிம மாசு அல்லது மிகுந்த பிரைட்னர். பி.எச். ஏற்றிய பங்கு தெளிந்தால் இரும்பு. தகடு ஓட்டிய பங்கு தெளிந்தால் தாமிரம், துத்தநாகம், ஈயம். டேங்கில் கை வைக்கும் முன் அரை நாளில் விடை கிடைத்துவிடும்.

இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால், புதிதாகத் தயாரித்த நல்ல கரைசலில் தெரிந்த அளவு மாசைச் சேர்த்துப் பலகை எடுத்து, உங்கள் பலகையோடு ஒப்பிடுங்கள். படிகத் தாமிர சல்பேட், அதாவது மயில்துத்தம், 3.93 கிராமை ஒரு லிட்டர் டி.எம். (உப்பு நீக்கிய) தண்ணீரில் கரைத்தால் அதில் ஒரு கிராம் தாமிரம் இருக்கும். ஹல் செல்லில் அதை 2.7 மில்லி விட்டால் 10 பி.பி.எம். துத்தநாகத்துக்குப் படிக துத்தநாக சல்பேட் 4.40 கிராம், இரும்புக்குப் படிக ஃபெரஸ் சல்பேட் 4.98 கிராம், குரோமுக்குக் குரோமிக் அமிலம் 1.92 கிராம் இதே கணக்கில் வரும். இந்தப் பலகைகளைக் கழுவி, உலர்த்தி, வார்னிஷ் அடித்துச் சுவரில் மாட்டி வைக்கும் பட்டறைகள் ஆய்வகத்திலிருந்து ஏ.ஏ.எஸ். (உலோக அளவைக் காட்டும் சோதனை) ரிப்போர்ட் வருமுன்பே பாதி முடிவுக்கு வந்துவிடுகின்றன. ரிப்போர்ட்டும் வாங்குங்கள், பிளாஸ்டிக் பாட்டிலில் அரை லிட்டர் அனுப்பினால் போதும்.

டம்மி: எவ்வளவு கரண்ட், எவ்வளவு பரப்பு

பித்தளையும் இடுக்குக் கறுப்பும் சேர்ந்திருப்பதால் உங்கள் விஷயம் பெரும்பாலும் டம்மியில்தான் தீரும். டம்மி என்பது மாசை இழுத்துக்கொள்வதற்காக, வேலைப் பொருளுக்குப் பதிலாகத் தொங்கவிட்டுக் குறைந்த கரண்டில் ஓட்டும் வெற்றுத் தகடு. அதை எல்லோரும் போடுகிறார்கள். ஏன் குறைந்த கரண்ட் என்று தெரிந்து போடுகிறவர்கள் குறைவு.

நிக்கலைவிடத் தாமிரம் எளிதில் படியும். அது தகட்டின் மேற்பரப்பை எட்டிய உடனே படிந்துவிடும். அதைத் தடுப்பது எட்டுவதற்கு ஆகும் நேரம் மட்டுமே. 40 பி.பி.எம். அளவில், சுமாரான கலக்கலோடு, சதுர டெசிமீட்டருக்கு ஏறக்குறைய 0.01 ஆம்பியர் அளவுக்குத்தான் தாமிரம் வந்து சேரும். நீங்கள் 0.3 ஆம்பியர் கொடுத்தாலும் 3 ஆம்பியர் கொடுத்தாலும் மணிக்கு இறங்கும் தாமிரம் ஒன்றுதான். கூடுகிற கரண்ட் முழுவதும் நிக்கலாகப் படியும். ஆகவே கரண்டை ஏற்றினால் வேலை விரையாது, நிக்கல்தான் வீணாகும்; அதோடு பிரைட்னரும் செலவாகும். விரைய வேண்டுமானால் செய்ய வேண்டியவை இரண்டு: தகட்டின் பரப்பைக் கூட்டுவது, கரைசலை நன்றாகக் கலக்குவது.

உங்கள் டேங்குக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 பி.பி.எம். என்றால் 80 கிராம் தாமிரம். இரு முகமும் சேர்த்து 2 சதுர மீட்டர், அதாவது 200 சதுர டெசிமீட்டர் டம்மி தொங்கினால், 0.3 வீதம் மொத்தம் 60 ஆம்பியர். அதில் தாமிரத்தின் பங்கு 2 முதல் 2.5 ஆம்பியர், மணிக்கு 3 கிராமுக்குச் சற்றுக் குறைவாகத் தாமிரம் இறங்கும், கூடவே 60 கிராமுக்கு மேல் நிக்கலும் இறங்கும். தாமிரம் குறையக் குறைய இறங்கும் வேகமும் குறையும். 40 பாதியாக 20 ஆவதற்கு சுமார் 20 மணி நேரம், 20 பாதியாக 10 ஆவதற்கு மறுபடி சுமார் 20 மணி நேரம். பரப்பை 4 சதுர மீட்டராக்கினால் இரண்டும் பத்துப் பத்து மணி நேரம். கலக்கலைப் பொறுத்து இது கூடும், குறையும். இரவு இரண்டு மணி நேரம் ஒரு தகட்டைத் தொங்கவிட்டு ‘டம்மி போட்டும் போகவில்லை’ என்று சொல்வதில் பொருளில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

தகடு நெளிவாக இருக்கட்டும். மெல்லிய இரும்புத் தகட்டை நெளித்தால் மேடுகளில் கரண்ட் சற்று அதிகமாகவும் பள்ளங்களில் மிகக் குறைவாகவும் இருக்கும். தாமிரம், ஈயம், துத்தநாகம் ஒவ்வொன்றும் தனக்கு ஏற்ற இடத்தில் இறங்கும். தாமிரத்துக்குச் சராசரியாக 0.2 முதல் 0.5, ஈயத்துக்கு 0.1 முதல் 0.3, துத்தநாகத்துக்கு 0.2 முதல் 0.4 ஆம்பியர் என்று வையுங்கள். தகட்டை எண்ணெய் நீக்கி, அமிலத்தில் தோய்த்து, நன்றாகக் கழுவி, கரண்ட் ஓடும்போதே இறக்குங்கள். முதல் ஐந்து பத்து நிமிடம் 2 ஆம்பியர் வீதம் கொடுத்து அடியில் நல்ல நிக்கல் ஏற்றுங்கள், பிறகு குறையுங்கள். இதைச் செய்யாவிட்டால் கறுப்புப் படிவு தூளாக உதிர்ந்து டேங்குக்குள்ளேயே விழும். ஃபில்டர் நிற்காமல் ஓட வேண்டும்.

வேலை முடிந்ததும் ரெக்டிஃபையரை (கரண்ட் கொடுக்கும் கருவி) அணைத்துவிட்டுத் தகட்டை உள்ளேயே விடுவது மிகப் பெரிய தவறு. கரண்ட் நின்றதும் படிந்ததில் ஒரு பகுதி திரும்பக் கரையும், துத்தநாகம் குறிப்பாக. கரண்ட் ஓடும்போதே தூக்குங்கள். ஷிஃப்ட்டுக்கு ஒரு முறை தூக்கி, பள்ளத்தின் நிறத்தைப் பாருங்கள், தளர்ந்த தூளைத் தேய்த்துக் கழுவித் திரும்ப இறக்குங்கள். பள்ளம் கறுப்பிலிருந்து சாம்பலாகி, மேட்டின் நிறத்துக்கு வரும்போது முடிவை நெருங்கிவிட்டீர்கள். எட்டு மணிக்கொரு முறை புது சாம்பிளில் ஹல் செல் எடுத்து உறுதி செய்யுங்கள். பி.எச். மெதுவாக ஏறும், கவனியுங்கள்.

துத்தநாகம் தாமிரத்தைவிட அடம் பிடிக்கும். நிக்கலைவிட எளிதில் படிகிற உலோகமில்லை அது. நிக்கலோடு சேர்ந்துதான் இறங்கும், நேரம் அதிகம் எடுக்கும். கடையில் ‘துத்தநாக ப்யூரிஃபையர்’ என்ற பெயரில் திரவங்கள் கிடைக்கின்றன. அவை கறுப்பை மறைக்கும், அல்லது மாசை நிக்கலோடு சேர்த்து வேலைப் பொருளிலேயே படிய வைக்கும். அவசர ஆர்டரை முடித்துக் கொடுக்க அது உதவும். அளவு மீறினால் படிவு நொறுங்கத் தொடங்கும். வாரக்கணக்கில் ஊற்றிக்கொண்டிருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரும்பும் குரோமும் வேறு கதை

இரும்பை டம்மியில் எடுக்க முயல வேண்டாம். அது நிக்கலோடு நிக்கலாகப் படியும், பிரியாது. ஆனால் இரும்புக்கு ஒரு பலவீனம் இருக்கிறது: மூன்று இணைதிறன் நிலைக்கு ஏறிவிட்டால் பி.எச். 4-ஐத் தாண்டியதும் ஹைட்ராக்சைடாகி வெளியே வந்துவிடும். அதனால்தான் 4.2 அளவில், காற்றுக் கலக்கலோடும் நல்ல ஃபில்டரோடும் ஓடுகிற பாத்தில் சிறிய அளவு இரும்பு தானே வடிந்துகொண்டிருக்கிறது. 3.5-க்குக் கீழே ஓட்டுகிறவர்கள் இரும்பைச் சேர்த்து வைக்கிறார்கள். ஒரு நாள் பி.எச். ஏறும்போது எல்லாம் ஒன்றாகத் திரண்டு, வேலைப் பொருளின் மேல்நோக்கிய முகங்களில் மணல் போல உட்காரும்.

மிகுந்த இரும்புக்கு உயர் பி.எச். ட்ரீட்மென்ட். கரைசலை முடிந்தால் தனி டேங்குக்கு மாற்றுங்கள். கையுறையும் கண் கவசமும் அணிந்து, 30 சதவீதப் பெராக்சைடை லிட்டருக்கு 0.5 மில்லி, உங்கள் டேங்குக்கு ஒரு லிட்டர், பத்து மடங்கு தண்ணீரில் கலந்து மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். 100 பி.பி.எம். இரும்புக்குக் கணக்குப்படி தேவை அதில் ஐந்தில் ஒரு பங்குதான். மிச்சத்தைக் கரிமப் பொருள் தின்றுவிடும். ஒரு மணி நேரம் கழித்து 60 முதல் 65 டிகிரிக்குச் சூடேற்றி, நிக்கல் கார்பனேட்டைத் தண்ணீரில் கூழாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பி.எச்.-ஐ 5.0 முதல் 5.2 வரை கொண்டுவாருங்கள். 4.5-க்கு மேல் கார்பனேட் சோம்பலாகக் கரையும், பொறுமை வேண்டும். காஸ்டிக் சோடா மலிவு என்று ஊற்றாதீர்கள்: விழுந்த இடத்தில் நிக்கலே பச்சைக் கூழாகித் திரண்டு ஃபில்டரை அடைக்கும், பாத்தில் சோடியமும் சேரும். பி.எச்.-ஐ மீட்டரில் பாருங்கள், பச்சைக் கரைசலில் தாள் ஏமாற்றும்.

கரிம மாசும் இருந்தால் இந்தச் சூட்டிலேயே லிட்டருக்கு 2 முதல் 5 கிராம் தூள் கார்பனைச் சேர்த்து இரண்டு மணி நேரம் கலக்கலாம். பிறகு தெளியவிட்டு, மேலிருந்து வடிகட்டித் திருப்புங்கள். 40 டிகிரிக்குக் கீழே முழுக்க ஆறவிட வேண்டாம். போரிக் அமிலம் படிகமாகித் துணியில் சிக்கும், கரைசலில் குறையும். நீர்த்த கந்தக அமிலத்தால் 4-க்கு இறக்கி, ஸ்டார்ச் அயோடைடு தாள் நீலமாகவில்லை என்று பார்த்த பிறகே பிரைட்னர் சேருங்கள். மிச்சமிருக்கும் பெராக்சைடு பிரைட்னரைத் தின்னும், படிவை உரிக்கும். தாமிரமும் துத்தநாகமும் பி.எச். 5.2-இல் முழுதாக இறங்காது என்பதால், இதற்குப் பின்னும் டம்மி தேவைப்படலாம். வரிசை இதுதான்: பெராக்சைடு, பி.எச்., கார்பன், வடிகட்டல், டம்மி, கடைசியில் பிரைட்னரும் வெட்டிங் ஏஜென்டும்.

குரோம் வருவது நீங்களே கொண்டுவந்து போடுவது. குரோம் டேங்கிலிருந்து திரும்பும் ஜிக்கின் (பொருள்களை மாட்டும் கொக்கிச் சட்டம்) பிளாஸ்டிக் பூச்சு வெடித்திருந்தால் குரோமிக் அமிலம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் சூடான நிக்கலில் இறங்கும்போதுதான் கசியும். சாம்பிளை அமிலமாக்கி டைஃபீனைல் கார்பசைடு சில துளி விட்டால் ஊதா நிறம் காட்டிக்கொடுக்கும். எடுக்க: பி.எச்.-ஐ 3-க்கு இறக்கி, சோடியம் பைசல்ஃபைட்டைக் கரைத்து ஊற்றுங்கள். ஒரு கிராம் குரோமுக்கு 3 கிராம் பைசல்ஃபைட் கணக்கு. 2000 லிட்டரில் 10 பி.பி.எம். என்றால் 60 கிராம், சற்றுக் கூட்டி 75. கந்தக டை ஆக்சைடு நெடி வரும், காற்றோட்டம் வேண்டும். அரை மணி கழித்து, மிஞ்சிய பைசல்ஃபைட்டைக் கொஞ்சம் பெராக்சைடால் முடித்துவிட்டு, மேலே சொன்னபடி 5.2-க்கு ஏற்றி வடிகட்டுங்கள். மூன்று இணைதிறனாகிவிட்ட குரோம் இரும்பைப் போலவே ஹைட்ராக்சைடாக இறங்கும்.

கால்சியம் பற்றி ஒரு வரி. போர்வெல் தண்ணீரால் டேங்கை நிரப்பினால் கால்சியம் சல்பேட் சேர்ந்துகொண்டே போய், ஹீட்டர் அருகில் முதலில் படிகமாகும், பிறகு வேலைப் பொருளில் ஊசி ஊசியாக ஒட்டும். சூடு ஏற ஏற அது குறைவாகக் கரையும் உப்பு. 70 டிகிரிக்கு ஏற்றி அந்தச் சூட்டிலேயே வடிகட்டினால் ஒரு பகுதி போகும். ஆவியான அளவுக்கு டி.எம். தண்ணீர் மட்டும் ஊற்றினால் இந்த வேலையே இல்லை.

இது எங்கிருந்து வந்தது

டம்மி முடிந்து பலகை தெளிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாசலை அடைக்காவிட்டால் இன்னும் இரண்டு மாதத்தில் இதே கேள்வி வரும்.

முதலில் டேங்கின் அடியைப் பாருங்கள். மரை வெட்டுவதற்கு எளிதான பித்தளையில் சுமார் 58 சதவீதம் தாமிரம், 39 சதவீதம் துத்தநாகம், 2 முதல் 3 சதவீதம் ஈயம். ஜிக்கிலிருந்து விழுந்த 200 கிராம் டேப் ஒன்று முழுதாகக் கரைந்தால் 2000 லிட்டரில் தாமிரம் 58 பி.பி.எம்., துத்தநாகம் 39, ஈயம் 2.5 ஏறும். ஒரே ஒரு டேப்! அது கரைய அமிலமும் குளோரைடும் காற்றும் அங்கே தயாராக இருக்கின்றன. ஆனோடுக்கும் (கரையும் நிக்கல் முனை) கேதோடுக்கும் (முலாம் ஏறும் வேலைப் பொருள்) இடையே கிடந்தால் அதன் ஒரு முனை ஆனோடாகவே நடந்துகொண்டு இன்னும் வேகமாகக் கரையும். காந்தக் கம்பி இரும்புக் கைப்பிடியை எடுக்கும், பித்தளையை எடுக்காது. பித்தளைக்கு நீண்ட பிளாஸ்டிக் வாரியோ வலையோ வேண்டும். ஜிக் ஏற்றும்போது எத்தனை, இறக்கும்போது எத்தனை என்று ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் எண்ணுங்கள். குறைந்தால் அன்றே தேடுங்கள்.

அடுத்து பஸ்பார். டேங்கின் மேல் ஓடும் தாமிரக் கம்பியில் பச்சை நீல உப்பு பூத்திருக்கிறதா? அதைத் துடைக்கும்போது தூள் எங்கே விழுகிறது? கம்பியைக் கழட்டி வெளியே வைத்துக் கழுவுங்கள், டேங்கின் மேல் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள்.

பித்தளை உள்ளே நுழையும்போது கரண்ட் ஓட வேண்டும். கரண்ட் இல்லாமல் நிற்கும் ஒவ்வொரு நொடியும் மேற்பரப்பு கொஞ்சம் கரையும். டேப்பின் உட்குழாய்க்கு எப்படியும் கரண்ட் எட்டாது. ரப்பர் அடைப்பு போட்டால் கரைவதும் நிற்கும், கரைசல் வெளியே போவதும் நிற்கும். இரும்புக் கைப்பிடியிலும் குழாய் வடிவம் இருந்தால் அங்கிருந்துதான் இரும்பு வருகிறது. ஈயம் கலந்த பித்தளையைக் கந்தக அமிலத்தில் தோய்த்தால் ஈய சல்பேட் மேலே பொடியாக நிற்கும், அது அப்படியே நிக்கலுக்குள் போகும். 5 முதல் 10 சதவீத ஃபுளோபோரிக் அமிலம் இந்த இடத்தில் நல்லது. அமிலத்துக்கும் நிக்கலுக்கும் இடையே ஒரு கழுவல்தான் இருக்கிறதென்றால் இரண்டாக்குங்கள்.

புதிதாக வாங்கும் நிக்கல் சல்பேட் மூட்டையையும் நம்பிவிட வேண்டாம். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கரைத்து ஹல் செல் எடுத்த பிறகு டேங்கில் போடுங்கள்.

பித்தளை ஓட்டும் பட்டறையில் இவ்வளவு செய்தும் தினம் கொஞ்சம் தாமிரம் வந்துகொண்டுதான் இருக்கும். அதற்கு டேங்கின் பக்கத்தில் ஒரு சிறிய செல் வையுங்கள். ஃபில்டரிலிருந்து வரும் கரைசல் அதன் வழியாகப் போய்த் திரும்பட்டும், உள்ளே ஒரு சதுர மீட்டர் நெளிதகடு, சதுர டெசிமீட்டருக்கு 0.2 முதல் 0.3 ஆம்பியர், இரவும் பகலும். பாத் 10 பி.பி.எம்.-இல் நிற்கும்போது அது 24 மணியில் ஏறக்குறைய 8 கிராம் தாமிரத்தை எடுக்கும். உங்கள் வரவு அதற்குள் இருந்தால் பாத் 10-ஐத் தாண்டாது, வேலையை நிறுத்தி டம்மி போடும் நாளும் வராது. வரவு அதிகமென்றால் தகட்டைக் கூட்டுங்கள்.

ஃபில்டரில் சிக்கிய பச்சைச் சேறும் கார்பனும் நிக்கல் உள்ள கழிவு. சாக்கடைக்கோ குப்பைக்கோ போகக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது. மூடிய டிரம்மில் தேதி எழுதிச் சேர்த்து, அனுமதி பெற்றவரிடம் கொடுங்கள். சேற்றை வாரும்போது கையுறை போடுங்கள், காய்ந்த தூளைப் பெருக்காதீர்கள்; நிக்கல் உப்பு தோலில் அரிப்புப் புண்ணைக் கொண்டுவரும், அதன் தூளை மூச்சில் இழுப்பது புற்றுநோய் வரை கொண்டுபோகும். வடிகட்டும் வேலையில் இருப்பவர்களுக்கு முகமூடி வாங்கிக் கொடுங்கள்.